கைக்கு வந்தால்தான் பயிற்சி

தொழிற்கூடத்திலோ அலுவலகத்திலோ 'டிரெய்னர்' என்று ஒருவர் இருந்தால், புதிதாகச் சேர்ந்தவர்களை உட்காரவைத்து வகுப்பு எடுப்பவர் என்றுதான் மற்றவர்கள் நினைத்துக்கொள்கிறார்கள். அவர் வேலையில் வகுப்பு ஒரு சிறு பகுதி. வந்தவருக்கு வேலை கைவரச் செய்ய வேண்டும். கைவந்ததா என்று ஒரு மாதம் கழித்து வேலையிடத்துக்கே போய்ப் பார்க்க வேண்டும். பயிற்சி நிபுணரின் பொறுப்பு இதுதான். இதைப் புரிந்துகொள்ளக் குயிலாப்பாளையத்தைச் சுற்றியுள்ள பகுதி மிகப் பொருத்தமான இடம்.

விழுப்புரம் மாவட்டம் வானூர் வட்டத்தில், ஆரோவிலை ஒட்டியுள்ள ஊர் இது. 1968 பிப்ரவரி 28 அன்று ஆரோவில் தொடங்கப்பட்டபோது இங்கிருந்தவர்கள் மழையை நம்பி விவசாயம் செய்தவர்கள். பிறகு கட்டுமானம், தையல், ஊதுபத்தி, பேக்கரி, உலோக வேலை என்று புதுப்புது வேலைகள் வந்தன. குயிலாப்பாளையம், இடையஞ்சாவடி, ஆலங்குப்பம், பொம்மையார்பாளையம் என்று சுற்று ஊர்களிலிருந்து இன்று ஆயிரக்கணக்கானோர் ஆரோவில் பக்கம் வேலைக்குப் போகிறார்கள். களையெடுத்த கைகள் ஒரு தலைமுறைக்குள் தையல் மெஷினுக்கும் ரொட்டி அடுப்புக்கும் பழகியிருக்கின்றன. தானாக நடந்ததில்லை இது. ஒவ்வொரு கைக்கும் யாரோ ஒருவர் பொறுமையாகச் சொல்லிக்கொடுத்திருக்கிறார். அவர்களில் பெரும்பாலோருக்குப் பயிற்சி நிபுணர் என்ற பதவிப் பெயர் கிடையாது.

பயிற்சியை முழுநேர வேலையாகவே எடுத்துக்கொண்ட அமைப்பும் இங்கே உண்டு. 1989இல் தொடங்கி, சத்பிரேம் மைனியின் தலைமையில் வளர்ந்த ஆரோவில் எர்த் இன்ஸ்டிடியூட் அது. சுடாத மண் கல்லால் வீடு கட்டக் கற்றுக்கொடுக்கிறது. மண்ணோடு சராசரியாக 5 சதவீதம் சிமென்ட் கலந்து, பிரஸ்ஸில் அழுத்திக் கல்லாக்கி, 28 நாள் ஈரம் காயாமல் பார்த்துக்கொள்ள வேண்டும். கேட்டால் இவ்வளவுதான். செய்து பார்த்தால்தான் சிக்கல் தெரியும். எந்த மண்ணில் களி அதிகம், எதில் மணல் அதிகம் என்று கையால் பிசைந்து உணர வேண்டும். தண்ணீர் கூடினால் கல் வடிவம் கெடும். குறைந்தால் மண் இறுகாது. சிமென்ட் கலந்த கலவையை நெடுநேரம் போட்டுவைக்கவும் கூடாது. ஈரப்பதம் எவ்வளவு என்று புத்தகத்தில் எழுதலாம். ஆனால் கைப்பிடி மண்ணை உருண்டை பிடித்துக் கீழே போட்டு, அது உடையும் விதத்தைப் பார்த்துத்தான் கை அதைக் கற்றுக்கொள்கிறது. அதனால்தான் இங்கே நடக்கும் வகுப்புகளில் பாடத்தோடு மண்ணும் பிரஸ்ஸும் சேர்ந்தே இருக்கின்றன. கட்டடக்கலை படித்தவரும் கொத்தனாரும் மண்ணில் கை வைத்தாக வேண்டும்.

நல்ல பயிற்சியின் இலக்கணம் இதற்குள்ளேயே இருக்கிறது. வேலையைச் சிறு படிகளாகப் பிரிப்பது முதல் வேலை. ஒவ்வொரு படியிலும் எது தவறினால் கல் கெடும் என்று குறித்துக்கொள்வது அடுத்தது. அந்த இடம் ஏன் முக்கியம் என்ற காரணத்தையும் சேர்த்துச் சொல்ல வேண்டும். காரணம் தெரியாதவர், மேஸ்திரி அந்தப் பக்கம் போனதும் அந்தப் படியை விட்டுவிடுவார்.

இந்த முறைக்குப் பெரிய வரலாறு உண்டு. இரண்டாம் உலகப்போர்க் காலத்தில் அனுபவமில்லாத லட்சக்கணக்கானோரை அமெரிக்கத் தொழிற்சாலைகள் அவசரமாகப் பழக்க வேண்டியிருந்தது. 1940இல் தொடங்கி 1945 வரை அரசு நடத்திய திட்டத்தில், சூப்பர்வைசர்களுக்குப் பத்து மணி நேரத்தில் சொல்லிக்கொடுக்கும் கலையையே சொல்லிக்கொடுத்தார்கள். ஆளைத் தயார்ப்படுத்து, செய்து காட்டு, அவரைச் செய்யவிடு, பிறகு தொடர்ந்து கவனி: நான்கே படிகள். போருக்குப் பின் ஜப்பானியத் தொழிற்சாலைகள் அதை இறுகப் பற்றிக்கொண்டன. நம் ஊரில் மூன்றாம் படியிலும் நான்காம் படியிலும்தான் பெரும்பாலும் ஓட்டை விழுகிறது. காட்டிவிட்டுப் போய்விடுகிறோம்.

பயிற்சி நிபுணருக்கு வகுப்புக்கு முன்னால் இன்னொரு கடமை இருக்கிறது. அதைத்தான் மிக முக்கியமானதாக நினைக்கிறேன். 'தையல் பிரிவில் ரிஜெக்ட் கூடிவிட்டது, டிரெய்னிங் கொடுங்கள்' என்று நிர்வாகம் சொன்னால், உடனே வகுப்பு தொடங்கக் கூடாது. அங்கே போய் நின்று பார்க்க வேண்டும். வெளிச்சம் போதவில்லையா? ஊசி தேய்ந்திருக்கிறதா? ஒரு நாளைக்கு முடிக்கச் சொல்லும் எண்ணிக்கை அதிகமா? காரணம் இவற்றில் ஒன்று என்றால் எத்தனை வகுப்பு நடத்தினாலும் பலனில்லை. அதை மேலிடத்தில் சொல்லும் துணிவுள்ளவரே நிபுணர். இல்லாவிட்டால் ஊசியின் குற்றம் தொழிலாளி தலையில் விழும்.

பயிற்சி பலித்ததா என்று அறிய, அமெரிக்கப் பேராசிரியர் டொனால்ட் கிர்க்பாட்ரிக் 1959இல் எழுதிய நான்கு கேள்விகளே இன்றும் உலகெங்கும் அளவுகோல். வந்தவர்களுக்குப் பிடித்ததா? கற்றுக்கொண்டார்களா? வேலையில் அதைச் செய்கிறார்களா? அதனால் நிறுவனத்துக்கு என்ன மாறியது? கடைசி நாளில் நிரப்பும் கருத்துப் படிவம் முதல் கேள்விக்கு மட்டுமே பதில். அதோடு நிறுத்திவிடும் நிறுவனங்கள் அதிகம்.

இலக்கையும் முன்கூட்டியே தெளிவாக வைத்துக்கொள்ள வேண்டும். 2004 டிசம்பர் 26 சுனாமிக்குப் பிறகு ஆரோவிலின் உபாசனா நிறுவனம், இக்கடற்கரை மீனவப் பெண்களுக்குத் துண்டுத்துணியில் சின்னஞ்சிறு பொம்மை செய்யப் பழக்கியது. 'சுனாமிகா' என்று பெயர் பெற்ற பொம்மை அது. அதிர்ச்சியில் இருந்தவர்களை மீண்டும் ஒரு வேலையில் உட்காரவைப்பதும், கையில் கொஞ்சம் வருமானம் வரச் செய்வதும் நோக்கம். அதற்கேற்றபடி எளிதாகக் கற்கக்கூடிய, பெரிய இயந்திரம் தேவைப்படாத வேலையைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்தத் தேர்விலேயே பாதிப் பயிற்சி முடிந்துவிட்டது.

சட்டமும் இந்த வேலைக்கு இடம் தருகிறது. 1961ஆம் ஆண்டு அப்ரண்டிஸ் சட்டத்தின் இன்றைய விதிகளின்படி, 30 பேரும் அதற்கு மேலும் வேலைசெய்யும் நிறுவனம், மொத்த ஆள்பலத்தில் 2.5 முதல் 15 சதவீதம் வரை அப்ரண்டிஸ்களை எடுத்து, உதவித்தொகை கொடுத்துப் பழக்க வேண்டும். உணவுத் தொழிலில் 25 பேருக்கு ஒருவராவது உணவுப் பாதுகாப்புப் பயிற்சி பெற்றிருக்க வேண்டும் என்கிறது மத்திய உணவுப் பாதுகாப்பு ஆணையம். பணியிடப் பாலியல் துன்புறுத்தலுக்கு எதிரான 2013ஆம் ஆண்டுச் சட்டம், விழிப்புணர்வு நிகழ்ச்சிகளைக் குறித்த இடைவெளியில் நடத்துவதை நிறுவனத்தின் கடமையாக்கியிருக்கிறது. திண்டிவனத்தில் சிப்காட் உணவுப் பூங்கா வளரும்போது இவற்றையெல்லாம் நடத்தத் தெரிந்த ஆட்கள் இப்பகுதியிலேயே தேவைப்படுவார்கள்.

இந்த வேலைக்கு இரண்டு வழிகளில் வரலாம். தொழில் தெரிந்தவர்கள், ஐ.டி.ஐ. முடித்தபின் கற்பிக்கும் முறையைச் சொல்லித்தரும் ஓராண்டு பயிற்றுநர் படிப்பைப் படிக்கலாம். சென்னை கிண்டியில் உள்ள தேசியத் திறன் பயிற்சி நிறுவனத்தில் அது உண்டு. பட்டம் படித்து மனிதவளப் பிரிவில் சேர்ந்தவர்கள், 1970இல் தொடங்கிய இந்தியப் பயிற்சி மேம்பாட்டுச் சங்கத்தின் டிப்ளமோவைப் படிக்கலாம். என்னைக் கேட்டால், முதல் வழியில் வருகிறவர்களுக்கே நிறுவனங்கள் முன்னுரிமை தர வேண்டும். கற்பிக்கும் முறையை ஓராண்டில் பழகலாம். பதினைந்து ஆண்டு கைப்பழக்கத்தை அப்படிப் பெற முடியாது.

தொழில் நடத்துகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். பயிற்சியை ஷிப்ட் முடிந்த பிறகு வைக்காதீர்கள். பேருந்துக்கும் பிள்ளைகளுக்கும் நேரமாகிவிட்ட பெண்ணின் காதில் எதுவும் ஏறாது. வேலை நேரத்துக்குள், கூலியோடு வையுங்கள்.