கைப்பட்டி பிரசர் பார்க்குமா?

"பிரசர் எவ்வளவு?" என்று கேட்டால், கடைசியாக வைத்தியரிடம் பார்த்த ஒரே இலக்கத்தைத்தான் எம்மவரில் பலர் சொல்வோம். ஆனால் குருதி அழுத்தம் நாள் முழுவதும் ஏறி இறங்குவது. வைத்தியரைக் கண்ட பதற்றத்தில் சிலருக்கு அது கூடிவிடும். அவர்களுக்குத் தேவையில்லாத மாத்திரை கிடைக்கக்கூடும். வேறு சிலருக்கு அங்கே சரியாக இருந்து, வீட்டிலும் வேலையிலும் கூடியிருக்கும். அவர்களுக்கு இதயமும் சிறுநீரகமும் தெரியாமலே பாதிக்கப்படும்.

இந்தக் குறையைத் தீர்க்க முயன்றவர்கள் நாம் வாழும் சுவிஸிலேயே இருக்கிறார்கள். நியூசாத்தலில் 2018 இல் தொடங்கப்பட்ட அக்தியா நிறுவனம், மணிக்கூடு போல மணிக்கட்டில் அணியும் ஒரு பட்டியை உருவாக்கியது. 2025 இல் அதன் பெயர் ஹிலோ என மாறியது. பட்டியிலிருந்து தோலுக்குள் செல்லும் ஒளி, ஒவ்வொரு இதயத்துடிப்புக்கும் சற்று மாறித் திரும்புகிறது. அந்த நாடி அலையின் வடிவத்திலிருந்து மென்பொருள் அழுத்தத்தைக் கணிக்கிறது. பகலிலும் உறக்கத்திலும் நாம் அசையாதிருக்கும் வேளைகளில் தானாகவே பதிகிறது. இரவு வேலை செய்பவர்களுக்கு இது பயனுள்ள செய்தி.

ஆனால் அது நேரடி அளவீடல்ல, கணிப்பு. அதனால் மாதம் ஒருமுறை, மேற்கையில் காற்றடிக்கும் வழமையான கருவியால் அளந்து அதைச் சரிசெய்ய வேண்டும். ஆரம்ப மீதி பிழைத்தால் அந்த மாதக் கணக்கு முழுவதும் பிழைப்பது போல, அந்த ஓர் அளவு பிழைத்தால் பட்டி காட்டுவதும் பிழைக்கும். காற்றுப்பட்டி இல்லாத கருவிகளை மட்டும் நம்பி நோயை முடிவுசெய்யவோ மருந்தை மாற்றவோ வேண்டாம் என்று ஐரோப்பிய உயர் குருதி அழுத்தச் சங்கம் 2023 இல் அறிவுறுத்தியது.

ஆகவே மேற்கைக் கருவியைச் சரியாகப் பாவிக்கப் பழகுவதே முதல் வேலை. பரிசோதித்து உறுதிசெய்யப்பட்ட கருவியா என்று மருந்தகத்தில் கேளுங்கள். கையின் சுற்றளவுக்கு ஏற்ற பட்டியை வாங்குங்கள். சிறிய பட்டி கூட்டிக் காட்டும். அளக்க முன் ஐந்து நிமிடம் அமைதியாக இருங்கள். முதுகு சாய்ந்திருக்க, பாதங்கள் தரையில் பட, கை இதய மட்டத்தில் மேசைமேல் இருக்க வேண்டும். பேசக்கூடாது. காலையும் மாலையும் ஒரு நிமிட இடைவெளியில் இருமுறை, ஏழு நாட்கள் எழுதுங்கள். முதல் நாளை விட்டு, மற்றவற்றின் சராசரியை எடுங்கள். வைத்தியரிடம் 140/90 என்பது எல்லை; வீட்டுச் சராசரிக்கு 135/85.

பட்டி வாங்கினாலும் வாங்காவிட்டாலும், அந்தக் கொப்பியை வைத்தியரிடம் கொண்டுபோங்கள். ஓர் இலக்கம் குறைந்துவிட்டது என்று மாத்திரையை நாமாக நிறுத்த வேண்டாம்.