ஒற்றை இருக்கைக் காரில் ஒரு வார இறுதி

இந்தியாவிலிருந்து சென்று ஃபார்முலா 1 பந்தயத்தில் இதுவரை ஓட்டியவர்கள் இருவர் மட்டுமே. 2005இல் ஜோர்டன் அணிக்காகக் களமிறங்கிய கோவை நரேன் கார்த்திகேயன், 2010இல் ஹிஸ்பானியா அணிக்காக ஓட்டிய சென்னை கருண் சந்தோக் ஆகிய அவ்விருவரும் தமிழ்நாட்டுக்காரர்களாக இருப்பது தற்செயலாக நேர்ந்ததன்று. 1953இல் தொடங்கப்பட்ட மெட்ராஸ் மோட்டார் ஸ்போர்ட்ஸ் கிளப், இரண்டாம் உலகப் போர்க்கால விமான ஓடுதளமான சோழவரத்தில் பல்லாண்டுகள் பந்தயம் நடத்திவிட்டு, ஸ்ரீபெரும்புதூரை அடுத்த இருங்காட்டுக்கோட்டையில் பந்தயத்துக்கென்றே ஒரு தளத்தை அமைத்து 1990 முதல் நடத்தி வருகிறது. கோவையைச் சேர்ந்த எஸ். கரிவரதன், மாருதி காரின் என்ஜினைப் பொருத்தி, உள்நாட்டு இளைஞர் வாங்கி ஓட்டக்கூடிய விலையில் ஒற்றை இருக்கைப் பந்தயக் கார்களை வடிவமைத்தார். நரேனும் கருணும் தொடக்கத்தில் ஓட்டியவை அந்த ஃபார்முலா மாருதி வகைக் கார்களே. செட்டிபாளையத்தில் உள்ள கோவைப் பந்தயத் தளம் இன்று கரிவரதன் பெயரால் கரி மோட்டார் ஸ்பீட்வே என்றே வழங்குகிறது.

அந்த மரபில் இன்று நிற்பது ஃபார்முலா எல்.ஜி.பி. 4 என்னும் வகை. வாகனச் சங்கிலி தயாரிக்கும் கோவை எல்.ஜி. பாலகிருஷ்ணன் அண்ட் பிரதர்ஸ் நிறுவனத்தின் பெயரைத் தாங்கிய இக்கார், எஃகுக் குழாய்களைப் பற்றவைத்த சட்டகத்தில் 1300 சிசி மாருதி என்ஜினைக் கொண்டது. நான்கு சக்கரங்களும் உடலுக்கு வெளியே நிற்க, நடுவே கால்களை நீட்டிச் சாய்ந்து படுத்த நிலையில் ஓட்டுநர் ஒருவர் மட்டும் அமரும் கார் எதுவானாலும் அது ஒற்றை இருக்கைக் கார் எனப்படும். எல்லோருக்கும் ஒரே என்ஜின், ஒரே டயர் என்று விதித்துவிட்டால் பணக்கார அணிக்கும் எளிய அணிக்கும் கார் அளவில் வேறுபாடு இராது, திறமை மட்டுமே முன்னே வரும் என்பது இத்தகைய போட்டிகளின் அடிப்படைக் கொள்கை. அது எந்த அளவுக்கு நிறைவேறுகிறது என்பதை ஒரு பந்தய வார இறுதியைக் கவனித்தால் அறியலாம்.

வார இறுதி பொதுவாக வெள்ளிக்கிழமை தொடங்கிவிடுகிறது. காரின் எடை, பிரேக், சீட் பெல்ட், தீயணைப்பான் ஆகியவற்றோடு ஓட்டுநரின் ஹெல்மெட்டையும் தீத்தாங்கும் உடையையும் தொழில்நுட்ப அலுவலர்கள் பரிசோதித்த பின்னரே கார் தளத்தில் இறங்க அனுமதி கிடைக்கும். அடுத்து, போட்டி இயக்குநர் எல்லா ஓட்டுநர்களையும் கூட்டி விதிகளை எடுத்துரைக்கிறார். அதற்கு வராதவருக்கு அபராதம் உண்டு. அதன்பின் நடக்கும் பயிற்சி ஓட்டங்களில் வேகத்தைக் காட்டுவதைவிடத் தளத்தைப் படிப்பதே முக்கியமான வேலை. 3.7 கிலோமீட்டர் நீளமும் 12 வளைவுகளும் கொண்ட இருங்காட்டுக்கோட்டைத் தளத்தில் எந்த இடத்தில் தரை வழுக்குகிறது, எந்த ஓரக்கல்லின் மீது சக்கரத்தை ஏற்றலாம், வெயில் ஏற ஏற டயரின் பிடி எவ்வாறு மாறுகிறது என்பவற்றை ஓட்டுநர் உடலால் உணர்ந்து, திரும்பி வந்ததும் மெக்கானிக்கிடம் சொல்லத் தெரிந்திருக்க வேண்டும். ஸ்டீயரிங்கைத் திருப்பியும் முன்பக்கம் திரும்ப மறுக்கிறதா, பின்பக்கம் விலகிச் சுழலப் பார்க்கிறதா என்று பதினாறு வயதுப் பையன் தெளிவாகச் சொன்னால்தான் டயரின் காற்றழுத்தத்தையோ சஸ்பென்ஷனையோ சரியான திசையில் மாற்ற முடியும். கார் சரியில்லை என்று மட்டும் சொல்லி நிற்பவருக்கு அணியில் யாரும் உதவ இயலாது.

இவ்விளையாட்டின் உயிர்நாடி பிரேக் பிடிக்கும் கணத்தில் இருக்கிறது என்பதால் அதைச் சற்று நின்று பார்ப்பது தகும். மணிக்கு 144 கிலோமீட்டர் வேகத்தில் செல்லும் கார் ஒரு நொடியில் 40 மீட்டர் கடக்கிறது. ஆகவே பிரேக்கை அழுத்துவதில் ஒரு நொடியின் பத்தில் ஒரு பங்கு முந்தினாலும் பிந்தினாலும் நான்கு மீட்டர், அதாவது ஏறத்தாழ ஒரு காரின் நீளம், தவறிப் போகிறது. தளத்தின் ஓரத்தில் நிற்கும் தொலைவுப் பலகையைக் குறியாகக் கொண்டு, பிரேக்கை முதலில் முழு வலுவோடு அழுத்தி, வேகம் குறையக் குறைய அழுத்தத்தைச் சிறிது சிறிதாகத் தளர்த்திக்கொண்டே ஸ்டீயரிங்கைத் திருப்ப வேண்டும். டயருக்கு உள்ள மொத்தப் பிடி ஓர் அளவுக்கு உட்பட்டது. அதை வேகத்தைக் குறைப்பதற்கும் திரும்புவதற்கும் பங்கிட்டுக் கொடுப்பதால்தான் இரண்டையும் முழு அளவில் ஒருசேரச் செய்ய முடிவதில்லை. வளைவின் உட்புற முனையைத் தொட்டு வெளியேறும்போது ஆக்ஸிலரேட்டரை எவ்வளவு முன்னதாக மிதிக்க முடிகிறது என்பதைப் பொறுத்தே அடுத்த நேர்ப்பாதை முழுவதற்குமான வேகம் அமைகிறது. பழக்கமில்லாத இளைஞர் வளைவுக்குள் மிக வேகமாக நுழைந்து வெளியே வரும்போது நேரத்தை இழக்கிறார். தேர்ந்தவரோ நுழையும்போது சற்று விட்டுக்கொடுத்து வெளியேறும்போது அதை மீட்டுக்கொள்கிறார்.

சனிக்கிழமை நடக்கும் தகுதிச் சுற்றில், யார் எந்த இடத்திலிருந்து பந்தயத்தைத் தொடங்குவது என்பது முடிவாகிறது. கால் மணி நேரமே தரப்பட்டால், டயரைச் சூடாக்கும் சுற்றும் திரும்பும் சுற்றும் போக, கையில் மிஞ்சுபவை ஐந்தாறு சுற்றுகள்தாம். அவற்றிலும் முன்னால் ஒரு கார் மெதுவாகச் சென்றாலோ, எவரேனும் தளத்தை விட்டு விலகியதால் மஞ்சள் கொடி காட்டப்பட்டாலோ அந்தச் சுற்று வீண். மாதக் கணக்கில் செய்த உடற்பயிற்சியும் பெற்றோரின் செலவும் இவ்வளவு குறுகிய நேரத்தில் எடை போடப்படுவதை நினைக்கும்போது, இளம் வயதிலேயே பதற்றத்தை அடக்கப் பழகியவர்கள் மீது மதிப்பு தானாகவே எழுகிறது.

பந்தயத்தின் தொடக்கத்தில், சிவப்பு விளக்குகள் ஒவ்வொன்றாக எரிந்து எல்லாம் ஒருங்கே அணையும் கணத்தில் கார்கள் புறப்படுகின்றன. கிளட்சை வேகமாக விட்டால் பின்சக்கரங்கள் நின்ற இடத்திலேயே சுழலும். என்ஜினுக்குப் போதிய வேகம் கொடுக்காமல் விட்டாலோ அது அணைந்து, பின்னால் வருபவர்கள் மோதும் ஆபத்து உண்டாகும். பிறகு நடப்பதில் பெரும்பகுதி முன்காரின் பின்னால் பதுங்கிச் செல்லும் கலை. முன்கார் காற்றைப் பிளந்து செல்வதால் பின்காருக்குக் காற்றின் தடை குறைகிறது. நேர்ப்பாதையின் இறுதியில் அதைக் கொண்டு முந்த முயல்பவர், பக்கத்தில் இருப்பவருக்கு ஒரு காரின் அகலமேனும் இடம்விட்டாக வேண்டும். மஞ்சள் கொடி காட்டப்பட்ட இடத்தில் முந்துவது தண்டனைக்குரியது. சிவப்புக் கொடி பந்தயத்தையே நிறுத்துகிறது. இக்கொடிகளை ஏந்தி வெயிலில் நாள் முழுதும் நிற்கும் மார்ஷல்கள் பெரும்பாலும் தன்னார்வலர்கள் என்பதையும், அவர்கள் இல்லாமல் ஒரு சுற்றுகூட ஓட முடியாது என்பதையும் இங்கே சொல்லியாக வேண்டும்.

ஆபத்தை மறைத்து இவ்விளையாட்டைப் புகழ்வது நேர்மையாகாது. 2023இல் இருங்காட்டுக்கோட்டையிலேயே ஜனவரியில் அனுபவம் மிக்க கார் பந்தய வீரர் ஒருவரும் ஆகஸ்டில் பதின்மூன்று வயது மோட்டார்சைக்கிள் வீரர் ஒருவரும் விபத்தில் உயிரிழந்தனர். மோதலில் தலை முன்னோக்கி வீசப்பட்டுக் கழுத்து முறியாமல் ஹெல்மெட்டைத் தோளோடு பிணைக்கும் ஹான்ஸ் என்ற கருவியும், ஓட்டுநரின் தலைக்கு மேல் வளைந்து நிற்கும் ஹேலோ என்ற காப்புச் சட்டமும் இத்தகைய இழப்புகளிலிருந்து கற்ற பாடங்களே. ஹேலோ பொருத்தப்பட்ட ஃபார்முலா 4 கார்கள், 2024 ஆகஸ்ட் 31, செப்டம்பர் 1 ஆகிய நாட்களில் சென்னைத் தீவுத்திடலைச் சுற்றியுள்ள சாலைகளில் மின்னொளியில் ஓடியதைப் பலர் பார்த்திருப்பார்கள். சர்வதேச மோட்டார் சம்மேளனத்தின் விதிகளின்படி பல நாடுகளில் நடத்தப்படும் இவ்வகையில் பதினைந்து வயது நிரம்பியவர் போட்டியிடலாம். இதில் ஈட்டும் தகுதிப் புள்ளிகள் ஃபார்முலா 1 உரிமத்துக்குக் கணக்கில் கொள்ளப்படும்.

ஞாயிறு மாலை கோப்பை வழங்குவதற்கு முன்பு, முதலிடங்களில் வந்த கார்கள் பூட்டிய வளாகத்தில் மீண்டும் எடை போடப்படுகின்றன; குறைந்தபட்ச எடையில் சிறிது குறைந்தாலும் வெற்றி பறிபோகும். கார்களைச் சமமாக்குவதில் விதிகள் காட்டும் இந்தக் கண்டிப்பால் ஓட்டுநர்களின் வசதியைச் சமமாக்க முடிவதில்லை. அணியின் காரில் ஓட்டுவதற்கான இருக்கைக் கட்டணம், டயர், பயிற்சி நாட்கள், மோதினால் ஆகும் பழுதுச் செலவு எல்லாம் சேர்ந்தால் உள்நாட்டில் ஒரு பருவத்துக்கே பல இலட்சம் ரூபாய் ஆகிறது. ஐரோப்பாவுக்குச் சென்றால் அது கோடிகளாகிறது. ஆகவே கூடுதலாகப் பயிற்சி செய்ய வசதியுள்ளவர் அதே காரில் முன்னே செல்வதும், வசதியற்றவர் தம் திறமை முழுதும் வெளிப்படும் முன்பே விலகுவதும் தொடர்ந்து நடக்கின்றன. இருங்காட்டுக்கோட்டைத் தளத்தைச் சுற்றி உலகின் பெரிய வாகனத் தொழிற்சாலைகளும் உதிரிபாக ஆலைகளும் நிறைந்திருக்கின்றன. அவற்றுள் சில நிறுவனங்கள் ஒன்றுகூடி, உள்ளூர்ப் போட்டிகளில் முதலிடங்களைப் பெறும் எளிய குடும்பத்து இளைஞர்களுக்கு ஆண்டுதோறும் இருக்கைக் கட்டணத்தையும் பயிற்சிச் செலவையும் ஏற்க முன்வர வேண்டும்.