ஆறு குளிர்காலம், ஒரு புத்தகம்: புகைப்பட மாணவி தயானிதா சிங்கின் கதை!

பிளஸ் டூ முடித்த மகள், "நான் போட்டோகிராபி படிக்கப் போறேன்" என்று சொன்னால், "படிச்சுட்டு என்ன பண்ணுவே?" என்பதுதான் வீட்டில் முதலில் எழும் கேள்வி. கல்யாண வீட்டில் கேமராவோடு நிற்கலாம், பத்திரிகையில் சேரலாம். அதற்கு மேல் நமக்குத் தெரிந்த வழிகள் குறைவு. கையில் இருக்கும் செல்போனிலேயே எல்லோரும் படம் எடுக்கும் காலத்தில் இதை மூன்று நான்கு வருடம் படிக்க வேண்டுமா என்ற சந்தேகமும் சேர்ந்துகொள்ளும்.

புகைப்படப் படிப்பில் கேமராவை இயக்கக் கற்றுக்கொள்வது ஒரு சிறு பகுதிதான். யாரோடு எவ்வளவு காலம் பழகிப் படம் எடுக்கிறோம், எடுத்த படத்தை எந்த வடிவத்தில் மக்கள் கையில் கொடுக்கிறோம் என்பதெல்லாம்தான் மீதிப் படிப்பு. இதைப் புரிந்துகொள்ள, இன்று உலகம் அறிந்த புகைப்படக் கலைஞரான தயானிதா சிங்கின் மாணவப் பருவத்தைப் பார்த்தால் போதும்.

அம்மாவின் ஆல்பம்

தயானிதா 1961-ல் டெல்லியில் பிறந்தவர். நான்கு பெண்களில் மூத்தவர். அவருடைய அம்மா நோனி சிங்குக்குப் படம் எடுப்பதில் தீராத ஆசை. தொழிலுக்காக அல்ல, குடும்பத்துக்காக. மகள்களையும் உறவினர்களையும் நிற்க வைத்து எடுத்துக்கொண்டே இருந்தார். வீட்டு ஆல்பத்துக்காக எடுத்த அந்தப் படங்கள் பல வருடங்கள் கழித்து, 2013-ல், 'தி ஆர்க்கைவிஸ்ட்' என்ற புத்தகமாகவே வெளிவந்தன. ஆக, தயானிதா பார்த்த முதல் புகைப்படப் புத்தகம் அம்மாவின் ஆல்பம்தான்.

ஆனாலும் அவர் புகைப்படக்காரர் ஆக வேண்டும் என்று கிளம்பவில்லை. 1980-ல் அகமதாபாத்தில் உள்ள தேசிய வடிவமைப்பு நிறுவனத்தில் (என்.ஐ.டி.) விஷுவல் கம்யூனிகேஷன் படிக்கச் சேர்ந்தார். எழுத்துருக்கள், பக்க வடிவமைப்பு, புத்தக வடிவமைப்பு ஆகியவற்றோடு புகைப்படமும் அங்கே ஒரு பாடம்.

விழுந்த இடத்தில் கிடைத்த குரு

புகைப்பட வகுப்பில் ஒரு அசைன்மென்ட் கொடுத்தார்கள். ஒரு மனிதரின் வெவ்வேறு மனநிலைகளைப் படமாக்க வேண்டும். அந்தச் சமயத்தில் தபேலா கலைஞர் ஜாகிர் உசேனின் கச்சேரி ஊரில் நடந்தது. தாளத்துக்குத் தாளம் முகபாவம் மாறும் கலைஞர். இதைவிடப் பொருத்தமான ஆள் கிடைப்பாரா என்று கேமராவோடு போய்விட்டார் தயானிதா.

முன்னால் போய்ப் படமெடுக்க முயன்றபோது விழா ஏற்பாட்டாளர் ஒருவர் தடுத்தார். தள்ளுமுள்ளில் அத்தனை பேர் முன்னிலையில் கீழே விழுந்தார் அந்தப் பெண். அழுதுகொண்டு விடுதிக்குத் திரும்பியிருக்கலாம். அவர் கச்சேரி முடியும் வரை காத்திருந்து ஜாகிர் உசேனிடமே போனார். இன்றைக்குத் தான் ஒரு மாணவிதான், ஒரு நாள் பெரிய புகைப்படக் கலைஞராக வருவேன், அப்போது பார்க்கலாம் என்ற பொருளில் ரோஷத்தோடு சொன்னார். ஜாகிர் உசேன் கோபப்படவில்லை. தன்னைப் படமெடுக்க அவரை அழைத்தார்.

இன்டர்ன்ஷிப் என்று இன்றைய மாணவர்கள் சொல்கிறார்களே, தயானிதாவுக்கு அது இப்படித்தான் அமைந்தது!

ஆறு குளிர்காலம்

வட இந்தியாவில் குளிர்காலம் கச்சேரிகளின் காலம், நம் மார்கழி மாதிரி. ஜாகிர் உசேனும் சக கலைஞர்களும் ஊர் ஊராகப் பயணம் போவார்கள். அந்தக் கூட்டத்தோடு தயானிதாவும் கிளம்பிவிடுவார். ஒரு வருடம், இரண்டு வருடம் அல்ல, ஆறு குளிர்காலம்!

மேடையில் வாசிக்கும் கலைஞரை யார் வேண்டுமானாலும் எடுக்கலாம். பயணக் களைப்பையும், கச்சேரிக்கு முந்தைய பரபரப்பையும், வீட்டில் அப்பா அல்லா ரக்கா முன் மகனாக அமரும் பணிவையும் கூடவே இருப்பவரால்தான் எடுக்க முடியும்.

அந்தப் பயணங்களில் அவர் கற்றது படமெடுப்பதை மட்டுமல்ல. இந்துஸ்தானி இசைக்காரர்கள் 'ரியாஸ்' என்பார்கள், நம் வித்வான்கள் 'சாதகம்' என்பார்கள். தினமும் விடாமல் செய்யும் பயிற்சி. கச்சேரி இருந்தாலும் இல்லாவிட்டாலும் கை வாத்தியத்தில் இருக்க வேண்டும். புகைப்படத்துக்கும் அந்தச் சாதகம் வேண்டும் என்பதை ஜாகிர் உசேனிடம் கற்றதாகத் தயானிதா பல பேட்டிகளில் சொல்லியிருக்கிறார். அவரைத் தன் முதல் குருவாகவே கருதினார்.

டம்மி புத்தகமானது

சேர்ந்த படங்களை என்ன செய்வது? சட்டம் போட்டுச் சுவரில் மாட்டலாம். தயானிதா புத்தகம் செய்தார். படங்களை அளவு பார்த்து வெட்டி, பக்கத்தில் ஒட்டி, ஜாகிர் உசேனின் பேச்சை எழுத்தாகச் சேர்த்து, அச்சகக்காரர்கள் 'டம்மி' என்று சொல்லும் மாதிரிப் புத்தகத்தைக் கையாலேயே தயாரித்தார். 'ஜாகிர் உசேன்' என்ற பெயரிலேயே 1986-ல் அது அச்சுப் புத்தகமாக வந்தது. ஒரு மாணவியின் கல்லூரி வேலை கடைக்கு வந்துவிட்டது.

கதை அத்தோடு முடியவில்லை. 2019-ல் ஜெர்மனியின் புகழ்பெற்ற ஸ்டைடல் பதிப்பகம் அந்த டம்மியையே அப்படியே நகலெடுத்துப் புத்தகமாக வெளியிட்டது. முப்பது வருடங்களுக்கு மேல் கழிந்த பிறகும், ஒரு மாணவி கையால் ஒட்டிய பக்கங்களுக்கு மதிப்பு இருந்தது. ஜாகிர் உசேன் 2024 டிசம்பரில் மறைந்துவிட்டார். அவருடைய இளமைக் காலத்தை அருகிலிருந்து பார்த்த சாட்சியாக அந்தப் பக்கங்கள் நிற்கின்றன.

திருப்பிக் கொடுத்த ஃபிலிம்

என்.ஐ.டி. படிப்புக்குப் பிறகு நியூயார்க்கில் உள்ள இன்டர்நேஷனல் சென்டர் ஆஃப் போட்டோகிராபியில் பத்திரிகைப் புகைப்படமும் ஆவணப் புகைப்படமும் படித்தார். ஊர் திரும்பி வெளிநாட்டுப் பத்திரிகைகளுக்காக வேலை செய்யத் தொடங்கினார்.

1989-ல் லண்டன் பத்திரிகை ஒன்றுக்காக டெல்லித் திருநங்கைகளைப் படமெடுக்கப் போனார். அங்கே மோனா அகமது என்பவர் அன்போடு படமெடுக்க அனுமதித்தார். படங்கள் பிரிட்டனில் வெளியாகும் என்று தெரிந்ததும் மோனா கலங்கிப்போனார். அவருடைய உறவினர்கள் அங்கே இருந்தார்கள். ஃபிலிமைத் திருப்பித் தரச் சொல்லிக் கேட்டார்.

தொழிலில் கால் ஊன்றும் நேரம். படத்தைக் கொடுக்காவிட்டால் அந்த வேலை போய்விடும். இருந்தும் தயானிதா ஃபிலிமை மோனாவின் கையில் கொடுத்துவிட்டார். வேலை போனது, நட்பு தொடங்கியது. பழைய டெல்லியில் ஒரு கல்லறைத் தோட்டத்தில் வாழ்ந்த மோனாவை அவர் பல வருடங்கள் தொடர்ந்து படமெடுத்தார். 2001-ல் 'மைசெல்ஃப் மோனா அகமது' புத்தகம் வந்தபோது, அதில் இருந்த எழுத்து மோனாவுடையது. பதிப்பாளருக்கு அவர் அனுப்பிய மின்னஞ்சல்களே புத்தகத்தின் வாசகம். படத்தில் இருப்பவரே தன் கதையைச் சொன்னார். 2017-ல் மோனா இறக்கும் வரை அந்த நட்பு நீடித்தது.

நாளடைவில் பத்திரிகை வேலையே அவருக்குக் கசந்தது. இந்தியா என்றால் வறுமையும் துயரமும் மட்டும்தான் என்பது போலவே படங்கள் கேட்கப்படுவதை அவரால் ஏற்க முடியவில்லை. தன் வழியைத் தானே அமைத்துக்கொள்ளக் கிளம்பினார்.

சமையலறையில் ஒரு மியூசியம்

நண்பர்களோடு வெளியூர் போய்வந்தால் தயானிதா ஒரு வேலை செய்வார். பயணத்தில் எடுத்த சின்னச் சின்னச் சதுரப் படங்களை விசிறி போல் மடியும் சிறு நோட்டில் வரிசையாக ஒட்டுவார். ஒரே மாதிரி இரண்டு பிரதிகள். ஒன்று கூட வந்த நண்பருக்கு, இன்னொன்று தன் வீட்டுச் சமையலறை அலமாரிக்கு. அதற்கு 'கிச்சன் மியூசியம்' என்று பெயரும் வைத்தார்!

அந்த அலமாரியிலிருந்து ஏழு நோட்டுகளைத் தேர்ந்தெடுத்து, ஒரு பெட்டிக்குள் வைத்து 2008-ல் 'சென்ட் எ லெட்டர்' என்ற பெயரில் வெளியிட்டது ஸ்டைடல் பதிப்பகம். ஏழில் ஒன்றின் பெயர் 'பத்மநாபபுரம்'. ஆமாம், தக்கலைக்குப் பக்கத்தில் மர அரண்மனை இருக்கும் நம் கன்னியாகுமரி மாவட்டத்துப் பத்மநாபபுரம்தான். இன்னொன்றுக்கு அம்மா நோனி சிங்கின் பெயர்.

இந்தப் புத்தகங்களை விரித்து மேசையில் நிறுத்தினால் அதுவே கண்காட்சி. கொல்கத்தா பார்க் தெருவில் ஒரு நகைக்கடையின் கண்ணாடி அலமாரியில் இவை காட்சிக்கு வைக்கப்பட்டன. கண்காட்சிக்கூடத்தின் வாசற்படி ஏறாதவர்களும் நடந்துபோகிற வழியில் நின்று பார்த்தார்கள்.

மடித்து வைக்கும் கண்காட்சி

2013-ல் வந்த 'ஃபைல் ரூம்' புத்தகத்தில் இருப்பவை, துணியில் கட்டிய கோப்பு மூட்டைகளும் அவை அடுக்கிய அறைகளும். தாலுகா ஆபீஸ் படியேறியவர்களுக்கு அந்தக் காட்சியை விளக்கவே வேண்டாம். நமக்குச் சலிப்பூட்டும் காகித மூட்டையில் எத்தனை குடும்பங்களின் வாழ்க்கை கட்டிவைக்கப்பட்டிருக்கிறது என்று யோசிக்க வைக்கும் படங்கள் அவை. அதே 2013-ல் வெனிஸ் பினாலேயில் ஜெர்மனியின் சார்பில் இடம்பெற்ற கலைஞர்களில் அவரும் ஒருவர்.

பிறகு கண்காட்சியின் சுவரையே மாற்றினார். 'மியூசியம் பவன்' என்ற பெயரில், விரிக்கவும் மடக்கவும் கூடிய ஆளுயர மரச்சட்டங்களைச் செய்தார். சட்டத்தில் சில படங்கள் தெரியும். மீதிப் படங்கள் அதற்குள்ளேயே காத்திருக்கும். வேண்டும்போது வரிசையை மாற்றலாம். லண்டன் ஹேவர்டு கேலரியிலும் டெல்லி கிரண் நாடார் மியூசியத்திலும் இவை வைக்கப்பட்டன. இதையே கைக்கு அடக்கமான சிறு புத்தகங்களாக்கி, ஒரு பெட்டியில் போட்டு 2017-ல் வெளியிட்டார். பாரிஸ் போட்டோ - அபெர்ச்சர் அறக்கட்டளையின் அந்த ஆண்டின் சிறந்த புகைப்படப் புத்தகம் என்ற விருது அதற்குக் கிடைத்தது. 2022-ல் ஹாசல்பிளாட் விருது. பரிசுத் தொகை 20 லட்சம் ஸ்வீடன் குரோனர்!

அசைன்மென்ட் செய்யப் போய்க் கீழே விழுந்த மாணவி, சொன்னதைச் செய்து காட்டிவிட்டார்.

உங்கள் வீட்டில் புகைப்பட மாணவர் இருந்தால்...

* ஒரே ஆளை, ஒரே இடத்தை நீண்ட காலம் எடுக்கட்டும். பக்கத்துத் தெரு தையல்காரரோ, பாட்டியின் அடுக்களையோ போதும். நூறு இடங்களில் எடுத்த நூறு படங்களைவிட ஒரு வருடம் பழகி எடுத்த இருபது படங்கள் அதிகம் பேசும்.

* படங்களைச் சிறிய அளவில் பிரின்ட் போட்டுத் தரையில் பரப்பி வரிசைப்படுத்தச் சொல்லுங்கள். எந்தப் படத்துக்குப் பக்கத்தில் எது வந்தால் அர்த்தம் மாறுகிறது என்பது திரையைவிடத் தரையில் நன்றாகத் தெரியும்.

* அச்சகத்துக்குப் போகும் முன் கையால் ஒரு டம்மி செய்துவிட வேண்டும். நடுவில் பின் அடிக்கும் புத்தகம் என்றால் பக்க எண்ணிக்கை நான்கின் மடங்காக இருக்க வேண்டும். ஆப்செட்டில் பெரிய தாளில் எட்டு, பதினாறு பக்கங்களாக அச்சிட்டு மடிப்பார்கள். கணக்கு தவறினால் வெற்றுப் பக்கத்துக்கும் சேர்த்துச் செலவாகும்.

* ஸ்டூடியோவிலோ பத்திரிகையிலோ பயிற்சிக்குச் சேரும்போது, படத்தின் உரிமை யாருக்கு, பெயர் போடுவார்களா என்பதை எழுத்தில் வாங்கிக்கொள்வது நல்லது. 1957-ம் ஆண்டு பதிப்புரிமைச் சட்டப்படி, வேறு ஒப்பந்தம் இல்லாவிட்டால், வேலையின் பகுதியாக எடுத்த படம் பொதுவாக முதலாளிக்குச் சொந்தம். பணம் கொடுத்து எடுக்கச் சொன்ன படமும் அப்படித்தான், எடுக்கச் சொன்னவருக்குப் போகும்.

* படம் எங்கே வெளியாகும் என்பதை எடுக்கும் முன்பே சொல்லிவிட வேண்டும். வேண்டாம் என்று அவர்கள் மனம் மாறினால் அந்தப் படத்தை விட்டுவிடத் தெரிய வேண்டும். மோனாவின் புத்தகம், கைவிட்டுப் போன படங்களுக்குப் பிறகுதான் பிறந்தது.