அனுமதி கிடைக்காவிட்டால் அடுத்து என்ன?

நிலத் தகராறு வந்தால் கோர்ட்டுக்குப் போகிறோம். முதலில் முன்சீப் கோர்ட். அங்கே தோற்றால் மேல் கோர்ட். அதிலும் தோற்றால் எர்ணாகுளத்தில் உள்ள கேரள உயர் நீதிமன்றம். அங்கும் தோற்றால்?

டில்லியில் உச்ச நீதிமன்றம் இருக்கிறது. ஆனால் இப்படிப்பட்ட வழக்கில் அங்கே நேராக அப்பீல் போட முடியாது. முதலில் அனுமதி கேட்க வேண்டும். இதற்குச் சிறப்பு அனுமதி மனு என்று பெயர். அரசியல் சட்டத்தின் 136-வது பிரிவு இதைச் சொல்கிறது. உயர் நீதிமன்றத் தீர்ப்பு வந்து 90 நாட்களுக்குள் மனுப் போட வேண்டும். அனுமதி தருவதும் மறுப்பதும் கோர்ட்டின் விருப்பம். அதை நாம் உரிமையாகக் கேட்க முடியாது.

'அனுமதி இல்லை' என்று சொல்லிவிட்டால், அதன் மேல் அப்பீல் உண்டா? இல்லை. உச்ச நீதிமன்றத்துக்கு மேல் வேறு கோர்ட் கிடையாது. 'இன்னொரு அப்பீல் போட்டுத் தருகிறேன்' என்று யாராவது பணம் கேட்டால் நம்பாதீர்கள்.

அப்படியானால் எல்லாக் கதவும் மூடிவிட்டதா? ஒரு சிறிய கதவு உண்டு. அதைத் தெளிவாக்கியது கேரளத்து வழக்கு ஒன்றுதான்.

தனியார் காடுகளை அரசு எடுத்துக்கொள்ள 1971-ல் கேரளத்தில் சட்டம் வந்தது. ஒரு நிலம் அந்தச் சட்டத்தில் சேராது என்று 1982-ல் கோழிக்கோடு வனத் தீர்ப்பாயம் சொன்னது. அரசு உயர் நீதிமன்றம் போனது; தோற்றது. டில்லியில் அனுமதி கேட்டது. 1983-ல் அந்த மனுவும் தள்ளுபடி ஆனது. பிறகு அரசு, 'தீர்ப்பை மறுபடி பாருங்கள்' என்று உயர் நீதிமன்றத்திலேயே மனுப் போட்டது. இதற்குச் சீராய்வு மனு என்று பெயர். 'டில்லியே தள்ளிவிட்டது. இனி எப்படிக் கேட்கலாம்?' என்று எதிர்த்தரப்பு வாதாடியது.

2000-ல் உச்ச நீதிமன்றத்தின் மூன்று நீதிபதிகள் பதில் சொன்னார்கள். அனுமதி மறுத்தால் அப்பீல் தொடங்கவே இல்லை என்று பொருள். அதனால் உயர் நீதிமன்றத்தில் சீராய்வு கேட்கலாம். ஆனால் அனுமதி கொடுத்து, அப்பீலை விசாரித்து, உச்ச நீதிமன்றமே தீர்ப்புச் சொல்லிவிட்டால், பிறகு உயர் நீதிமன்றத்தில் கேட்க முடியாது. 2019-லும் உச்ச நீதிமன்றம் இதையே உறுதி செய்தது.

சீராய்வு என்பது வழக்கை முதலிலிருந்து நடத்துவது அல்ல. தீர்ப்பில் கண்ணுக்குத் தெரியும் பிழை இருக்க வேண்டும். அல்லது எவ்வளவு தேடியும் முன்பு கிடைக்காத புதிய ஆதாரம் வேண்டும். இதற்குக் கெடு 30 நாள். தாமதமானால் தகுந்த காரணம் காட்ட வேண்டும். அதை ஏற்பதும் ஏற்காததும் கோர்ட்டின் முடிவு.

ஆகவே தீர்ப்பு வந்ததும் நகல் வாங்குங்கள். தேதியைக் குறித்து வையுங்கள். பட்டயம், வரி ரசீது எல்லாவற்றையும் முதல் கோர்ட்டிலேயே காட்டுங்கள். வக்கீல் வைக்கப் பணம் இல்லையா? தாலுகா சட்டப் பணிக் குழுவிடம் கேளுங்கள். பெண்களுக்கும், தாழ்த்தப்பட்டோர், பழங்குடி மக்களுக்கும் வருமானம் பார்க்காமல் இலவச உதவி உண்டு. 15100 என்ற எண்ணுக்குப் போன் செய்தும் கேட்கலாம்.

கடைசிக் கோர்ட்டை நம்பி முதல் கோர்ட்டில் அசட்டையாக இருக்க வேண்டாம்.