மாருதி 800-ல பெரிய என்ஜின்: 50 ஆயிரம் எப்படி 2 லட்சம் ஆகுது?



பொங்கலுக்கு ஊருக்குப் போறீங்க. திருவையாறு பக்கம் வீடு. நெல் மூட்டை அடுக்கியிருக்கிற கொட்டகை ஓரமா, அப்பா 1986-ல வாங்கின மாருதி 800 தார்ப்பாய் போர்த்தி நிக்குது. நீங்க சின்ன வயசுல பின் சீட்ல தூங்கிக்கிட்டே போன வண்டி. இப்போ கையில சம்பளம் இருக்கு, அதை ஓட வைக்கணும்னு ஆசை வருது.

மெக்கானிக் சொல்றார்: "தம்பி, பழைய எஸ்டீம் என்ஜின் ஒண்ணு இருக்கு. 50 ஆயிரம் ஆகும். போட்டோம்னா வண்டி பறக்கும்."

ஆசை தப்பே இல்ல. ஆனா அந்த 50 ஆயிரம் முழுக் கணக்கு இல்ல. மீதியையும் போட்டுப் பார்ப்போம்.

என்ஜின் தனியா வராது

மாருதி 800-ல இருக்கிறது 796 சி.சி., மூணு சிலிண்டர் என்ஜின். அதோட சக்தி 40 குதிரைத்திறனைக்கூடத் தொடாது. எஸ்டீம் என்ஜின் 1298 சி.சி., நாலு சிலிண்டர். ஆரம்ப கால எஸ்டீமிலேயே 65 குதிரைத்திறன்.

விவசாய வீட்டுப் பிள்ளைகளுக்கு இதைச் சுலபமா சொல்லலாம். 5 எச்.பி. மோட்டார் ஓடுற போர்ல 10 எச்.பி. மோட்டாரை இறக்கினா என்ன ஆகும்? கேபிள் மாத்தணும், ஸ்டார்ட்டர் மாத்தணும், பைப் தாங்கணும். கூடுதல் லோடுக்கு மின்வாரியத்துல அனுமதியும் வாங்கணும். காரும் அதே கதைதான். கியர்பாக்ஸ், ஆக்சில், ரேடியேட்டர், சஸ்பென்ஷன், மவுண்டிங், வயரிங் எல்லாம் செலவு. எல்லாத்துக்கும் மேல பிரேக். வேகமா போற வண்டி அதே மாதிரி நிக்கவும் வேணும்.

கம்பெனிக்காரங்களே இதைத் தவிர்க்க முடியல. நம்ம வண்டலூர்ல ஸ்டாண்டர்டு ஹெரால்டு கார் தயாரிச்சாங்க, 948 சி.சி. அதே ஹெரால்டு உடம்புல இங்கிலாந்தின் டிரையம்ஃப் கம்பெனி 1962-ல 1596 சி.சி., ஆறு சிலிண்டர் என்ஜினை வச்சு 'விட்டெஸ்'னு விற்றது. அதுக்காக சேஸியைப் பலப்படுத்தினாங்க, முன் சக்கரத்துக்கு டிஸ்க் பிரேக் போட்டாங்க. பொறியாளர் பட்டாளமே உள்ள கம்பெனிக்கே அவ்வளவு வேலைன்னா, ஒரு ஒர்க்‌ஷாப்ல ஒரு வாரத்துல முடிஞ்சிடுமா?

கடன் கணக்கு

எல்லாம் சேர்ந்து 2 லட்சம் ஆகுதுன்னு வச்சுக்கோங்க. பர்சனல் லோன் 14% வட்டி, 3 வருஷம். மாசம் இ.எம்.ஐ. சுமார் 6,835 ரூபாய். மொத்தம் கட்டுறது 2 லட்சத்து 46 ஆயிரம். வட்டி மட்டும் 46 ஆயிரம், கிட்டத்தட்ட மெக்கானிக் சொன்ன என்ஜின் விலை!

சட்டம் என்ன சொல்லுது?

மோட்டார் வாகனச் சட்டம் பிரிவு 52-ன்படி, ஆர்.சி.யில உள்ள விவரம் தயாரிப்பாளர் கொடுத்ததுக்கு மாறா ஆகுற மாதிரி வண்டியை மாத்தக் கூடாது. 2019 ஜனவரியில உச்ச நீதிமன்றமும் இதை உறுதிப்படுத்துச்சு. என்ஜின் மாத்தணும்னா ஆர்.டி.ஓ. அனுமதி வேணும். அனுமதிக்கப்படாத மாற்றத்துக்கு பிரிவு 182ஏ-யின் கீழ ஒவ்வொரு மாற்றத்துக்கும் 5,000 ரூபாய் அபராதம், அல்லது 6 மாசம் வரை சிறை, அல்லது இரண்டும்.

அடுத்தது இன்சூரன்ஸ். 2022 ஜூன்ல வந்த கட்டணப்படி தேர்டு பார்ட்டி பிரீமியம் 1000 சி.சி. வரை 2,094 ரூபாய், 1000-லிருந்து 1500 சி.சி. வரை 3,416 ரூபாய். வித்தியாசம் 1,322 ரூபாய்தான். ஆனா பாலிசியில 796 சி.சி.ன்னு எழுதியிருக்க, உள்ள 1298 சி.சி. ஓடினா, விபத்து நடந்தா உங்க வண்டிக்கான கிளெய்ம் நிராகரிக்கப்படலாம். அடிபட்டவருக்குக் கொடுத்த இழப்பீட்டை உங்ககிட்ட வசூலிக்கவும் கம்பெனி முயற்சி செய்யலாம். லட்சக்கணக்குல போற ரிஸ்க் இது. தஞ்சாவூரிலிருந்து திருவையாறு போற வழியில அஞ்சு ஆத்துப் பாலம், அறுவடைக் காலத்துல ரோட்டுல காயுற நெல்லு, எதிர்ல டிராக்டர். அங்க யாருக்காவது அடிபட்டா, அந்தப் பணம் உங்க சேமிப்பிலிருந்துதான் போகும்.

இன்னொரு இழப்பு

2021 ஜூலையில மத்திய அரசு பழம்பெரும் வாகனங்களுக்குத் தனிப் பதிவு முறை கொண்டுவந்துச்சு. முதல் பதிவாகி 50 வருஷம் தாண்டணும். சேஸி, பாடி, என்ஜின்ல பெரிய மாற்றம் இருக்கக் கூடாது. பதிவுக் கட்டணம் 20,000 ரூபாய், 10 வருஷம் செல்லும். தினசரி ஓட்ட முடியாது. கண்காட்சி, ரேலி மாதிரி விஷயங்களுக்குத்தான். அப்பாவோட வண்டிக்கு 2036-ல 50 வயசு. இன்னைக்கு என்ஜினை மாத்தினா அந்தக் கதவு மூடிடும்.

அப்போ என்ன செய்யலாம்?

1. முதல்ல ஆறு மாசச் செலவுக்கு எமர்ஜென்சி ஃபண்ட். அது இல்லாம காரைத் தொடாதீங்க.

2. ஆர்.சி. உயிரோட இருக்கான்னு பாருங்க. 20 வருஷம் தாண்டின காருக்கு 2025 ஆகஸ்ட்லிருந்து புதுப்பிக்கும் கட்டணம் 10,000 ரூபாய்.

3. மாசம் 3,000 ரூபாய் ஆர்.டி. போடுங்க. ஒரு வருஷத்துல வட்டியில்லாமலே 36,000. அதுல முதல்ல பிரேக், டயர், ரேடியேட்டர்.

4. அடுத்த வருஷப் பணத்துல அதே 796 சி.சி. என்ஜினை முழுசா இறக்கி வேலை பாருங்க. ஆர்.சி.யும் மாறாது, பாலிசியும் மாறாது.

5. இல்ல, பெரிய என்ஜின்தான் வேணும்னா, பணம் கொடுக்கிறதுக்கு முன்னாடி ஆர்.டி.ஓ.கிட்ட எழுத்துல அனுமதி வாங்குங்க. பிரேக் உட்பட மொத்தச் செலவுக்கும் கொட்டேஷன் கேளுங்க. இன்சூரன்ஸ் கம்பெனிக்கும் எழுத்துல தெரிவியுங்க. இதுல ஒண்ணு கிடைக்கலைன்னாலும், விட்டுடுங்க.

அடுத்த பொங்கலுக்கு அந்த வண்டியில அப்பாவை முன் சீட்ல உட்கார வச்சு திருவையாறு வரை ஒரு ரவுண்டு போய்ட்டு வாங்க. அதுக்கு 40 கிலோமீட்டர் வேகமே தாராளம்!