உங்களுக்குத் தெரியுமா? கொம்புக்கும் சினைப்பைக்கும் உள்ள தொடர்பு

கொம்பில்லாத மோழை வெள்ளாடுகள் என்றால் பால் பண்ணைக்காரர்களுக்குத் தனிப் பிரியம். முட்டிக் காயப்படுத்தாது, குட்டியின் கொம்புக் குருத்தைச் சூடு போட்டுக் கருக்கும் கொடுமையும் வேண்டாம். ஆனால் ஸானன் போன்ற ஐரோப்பியப் பால் இனங்களில் மோழையோடு மோழையையே சேர்த்து வந்தால், பெட்டையாகப் பிறக்க வேண்டிய குட்டிகளில் சில கிடாவின் சாயலில் வளரும். ஒருநாளும் சினை பிடிக்காது.

இதற்குக் காரணம் ஒரு மரபணு மாற்றம். மோழையாவதற்கு அதன் ஒரு பிரதி போதும். பெட்டை மலடாவதற்கு இரண்டு பிரதிகள் வேண்டும். ஆகவே ஒற்றைப் பிரதி உள்ள கிடாவும் பெட்டையும் சேரும்போது, சராசரியாக எட்டுக் குட்டிக்கு ஒன்று இப்படிப் பிறக்கும்.

2001இல் பிரெஞ்சு ஆய்வாளர்கள், மோழை ஆட்டின் 1ஆம் குரோமோசோமில் சுமார் 11,700 டிஎன்ஏ எழுத்துகள் விடுபட்டிருப்பதைக் கண்டார்கள். வியப்பு என்னவென்றால், விடுபட்ட இடத்தில் சினைப்பையை உருவாக்கும் மரபணு இல்லை! ஃபாக்ஸ்எல்2 என்ற அந்த மரபணு ஏறக்குறைய மூன்று லட்சம் எழுத்துகள் தள்ளிச் சேதமில்லாமல் இருக்கிறது. அதை இயக்கும் பகுதிதான் கெட்டுப்போயிருக்கிறது. மரபணு இயங்காததால் சினைப்பை இருக்க வேண்டிய இடத்தில் விரை உருவாகிறது. 2014இல் ஃபாக்ஸ்எல்2ஐ மட்டும் முடக்கிப் பார்த்தபோதும் பெட்டைக் கருவில் விரையே வளர்ந்தது. மனிதர்களில் இதே மரபணு பழுதுபட்டால் கண்ணிமை தொங்கும். சில பெண்களுக்குச் சினைப்பை இளவயதிலேயே செயலிழக்கும்.

அந்த இடத்தில் நடந்திருப்பது வெறும் விடுபடல் அல்ல என்பது 2020இல்தான் தெரியவந்தது. வேறிடத்துத் துண்டு ஒன்று, சுமார் 4,80,000 எழுத்து நீளம், நகலாகித் தலைகீழாக அங்கே செருகப்பட்டிருக்கிறது.

கிடாக்களும் முழுக்கத் தப்புவதில்லை. இரண்டு பிரதிகள் உள்ள சில கிடாக்களுக்கு விந்துப் பாதை அடைபட்டு மலட்டுத்தன்மை வரும்.

   

மோழைச் சிக்கலுக்கு அனுபவசாலிகள் கண்ட வழி எளிது: ஜோடியில் ஒன்றுக்காவது கொம்பு இருக்க வேண்டும். அப்போது எந்தக் குட்டிக்கும் இரண்டு பிரதிகள் சேராது. மோழைக் கிடாவிடம் இருப்பது ஒற்றைப் பிரதியா, இரட்டைப் பிரதியா என்பதை இன்று டிஎன்ஏ பரிசோதனையே சொல்லிவிடும். பொலிகிடாவைத் தேர்ந்தெடுக்கும் முன்பே அதைச் செய்துவிடுவது நல்லது.