பீப் ஒலிக்கு முந்தைய 15 விநாடி

அமெரிக்காவில் ஒருவருடைய செல்போனுக்கு அழைத்து, அவர் எடுக்கவில்லை என்றால் வாய்ஸ்மெயில் வரும். முதலில் அவர் பதிந்துவைத்த குரல், பிறகு பீப். இவ்வளவு போதும். ஆனால் 2009 வாக்கில் அங்குள்ள பெரிய செல்போன் நிறுவனங்கள் இரண்டுக்கும் நடுவே தங்கள் அறிவிப்பு ஒன்றைச் செருகியிருந்தன. ஒலி கேட்டதும் பேசுங்கள், பேசி முடித்ததும் போனை வைத்துவிடலாம், மற்ற வசதிகளுக்கு 1ஐ அழுத்துங்கள் என்று அது 15 விநாடி வரை ஓடும். நியூயார்க் டைம்ஸில் தொழில்நுட்பப் பத்தி எழுதிய டேவிட் போக் அந்த ஆண்டு ஜூலையில் இதற்கு எதிராகப் பிரசாரமே தொடங்கினார். வெரைசனின் 7 கோடி வாடிக்கையாளர்கள் வேலைநாளுக்கு இருமுறை செய்தி விடுவதாகவோ கேட்பதாகவோ வைத்துக்கொண்டால், அந்த விநாடிகளுக்கான அழைப்புக் கட்டணமாக அந்த நிறுவனத்துக்கு ஆண்டுக்குச் சுமார் 62 கோடி டாலர் சேரும் என்பது அவர் கணக்கு. நிமிடங்களை மொத்தமாக வாங்கியவருக்கு இதில் தனிச் செலவு ஏது என்று கேட்டால், நியாயம்தான். அந்தத் தொகையைத் தோராயமாகவே கொள்ள வேண்டும். பணம் போகாவிட்டாலும் நேரம் போகிறதே. புதியவர்களுக்கு விளக்கம் வேண்டாமா என்பார்கள். 1980களிலேயே வீட்டு ஆன்சரிங் மெஷின்கள் பீப்பைப் பழக்கிவிட்ட நாடு அது. தினமும் ஏறும் பயணிக்குப் பேருந்தில் ஏறுவது எப்படி என்று நடத்துனர் விளக்க வேண்டியதில்லை.

அறிவிப்பைத் தாண்ட ஒரு பொத்தான் இருந்தது என்பது உண்மை. விநோதமும் அங்கேதான். வெரைசனுக்கு ஸ்டார், ஏடி அண்ட் டிக்கும் டி-மொபைலுக்கும் ஹேஷ், ஸ்பிரிண்டுக்கு 1. பொத்தானை அழுத்தினால் இரண்டு ஒலிகள் சேர்ந்து போகும். ஸ்டாருக்கு 941, 1209 ஹெர்ட்ஸ்; ஹேஷுக்கு 941, 1477. கீழ் ஒலி இரண்டுக்கும் ஒன்றே. மேல் ஒலி மாறிப்போனால், அழைத்தவரை வாய்ஸ்மெயில் பெட்டிக்குச் சொந்தக்காரர் என்று நினைத்து இயந்திரம் கடவுச்சொல் கேட்கும் இடங்களும் இருந்தன. ஆகவே நண்பர் எந்த நிறுவனத்தில் இருக்கிறார் என்பது அழைப்பவருக்குத் தெரிந்தாக வேண்டியிருந்தது. 2003 நவம்பரில் எண்ணை மாற்றாமலே நிறுவனம் மாறும் வசதி வந்தபின், எண்ணைப் பார்த்து அதை ஊகிக்கவும் வழியில்லாமல் போனது. நேரத்தை மிச்சப்படுத்தும் வேலையை அழைப்பவர் தலையில் கட்டியது சரியல்ல என்பேன்.

அறிவிப்பை எடுத்துவிட முடியாது என்ற பேச்சுக்கும் இடமில்லை. ஐபோன் வாடிக்கையாளர்களுக்கு அது வேண்டாம் என்று ஆப்பிள் வற்புறுத்தியதும் ஏடி அண்ட் டி எடுத்துத்தான் கொடுத்தது. ஸ்பிரிண்டிலும் அதை நிறுத்தும் வசதி இருந்தது, மெனுவின் ஆழத்தில். அந்த வசதி கிடைக்காதவர்கள் தங்கள் பதிவிலேயே, “அவசரமென்றால் ஸ்டாரை அழுத்துங்கள்” என்று தங்கள் நிறுவனத்துக்குரிய பொத்தானைச் சொல்லிவைத்திருக்கலாம். அதைச் சொல்ல இரண்டு விநாடி போதும்.